ஒற்றைத் தலையிடியும் அது தணியும் வழியும்

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)





இம்மேடையில் சமயமும் இலக்கியமும் பேசுதல் வழக்கம். இன்று யாம் எடுத்துக்கொண்ட பொருளோ தலையிடி. செயலாளரிடம் இதனைச் சொன்னபொழுது அவர் சிரித்துவிட்டு, "பேச்சைக் கேட்டவர்களுக்குத் தலையிடி வந்ததைக் கண்டிருக்கிறோம், தலையிடியைப் பற்றியே பேச வந்தவரை இப்பொழுதுதான் காண்கிறோம்" என்றார். அவருடைய நகைச்சுவையை யாமும் இரசித்தோம். ஆனால் இந்நோயைப் பதினோராம் வயது தொடக்கம் தலையிற் சுமந்தவர்க்கு இது நகைப்பிற்குரிய பொருளாகத் தோன்றுவதில்லை. யாம் மருத்துவம் பயில்பவரல்லோம். பல்கலைக்கழகத்தில் வரலாறு பயில்கின்றோம். யாம் கூறப்போகும் மருத்துவச் செய்திகள் வைத்தியரிடம் கேட்டும் நூல்களிற் படித்தும் அறிந்தவை. பட்ட துன்பம் மாத்திரமே எமக்குச் சொந்தமானது.

திருவள்ளுவனார் 'மருந்து' என்னும் 95ஆம் அதிகாரத்தின் இறுதியில் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்தார். நோயுற்றவன், நோயைத் தீர்க்கும் வைத்தியன், மருந்து, நோயாளியின் அருகிருந்து துணை செய்பவன் என்பன அந்நான்கு. முதல் மூன்றையும் எவரும் மறப்பதில்லை. நான்காவது கூறு மாத்திரம் பல வீடுகளில் மறக்கப்படுகின்றது. நெடுநாள் தலையிடிக்குத் தணிவு வேண்டுமாயின் இந்நான்கும் ஒருங்கு சேரவேண்டும். இன்று யாம் சொல்ல வந்தது இவ்வொரு செய்தியே.

முதலில் நோயுற்றவனை எடுத்துக்கொள்வோம். தனக்கு வந்தது இன்ன நோயென்று அவன் அறியவேண்டும். வெயிலில் அலைந்தால் தலை இடிக்கும். தடிமன் வந்தாலும் இடிக்கும். அவையெல்லாம் ஒற்றைத் தலையிடியாகா. இந்நோய்க்கு மருத்துவர் ஓர் இலக்கணம் வகுத்துள்ளனர். மருந்து எடுக்காவிடின் இது 4 மணித்தியாலம் முதல் 72 மணித்தியாலம் வரை நிற்கும். பெரும்பாலும் தலையின் ஒரு பக்கத்தில், நாடித் துடிப்புப் போல விண்விண்ணென்று தெறிக்கும். படியேறினாலும் குனிந்தாலும் கூடும். இவற்றோடு குமட்டலோ சத்தியோ வரும். வெளிச்சமும் சத்தமும் பொறுக்க முடியாதனவாகும். பெயரைக் கண்டு மயங்கிவிடலாகாது. இரு பக்கமும் வலிப்பவர் பலருளர்.

வேறு சிலருக்கு வலி தொடங்குமுன் கண்முன்னே ஒளிக்கோடுகள் கோட்டை மதிலின் பல்வரிசை போல வளைந்து மின்னும். 5 நிமிடம் முதல் 60 நிமிடம் வரை அவை நின்று மறையும். அதற்கு முந்திய நாளே கொட்டாவியும் கழுத்துப் பிடிப்பும் காரணமற்ற சினமும் இனிப்பில் ஆசையும் தோன்றுவதுமுண்டு. இனிப்புத் தின்றதனால் தலையிடி வந்தது என்று பலர் சொல்வர். நோய் முன்னரே தொடங்கிவிட்டபடியால் இனிப்பில் ஆசை எழுந்தது என்பதே சிற்சில வேளைகளில் உண்மையாகும்.

மூன்று மாதங்களுக்கு மேலாக, மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ தலையிடி இருந்து, அவற்றுள் 8 நாளாயினும் மேற்சொன்ன இலக்கணம் பொருந்துமாயின், அது நாட்பட்ட ஒற்றைத் தலையிடி எனப்படும். உலகில் ஏறக்குறைய ஏழு பேருக்கு ஒருவர் ஒற்றைத் தலையிடியால் வருந்துகின்றனர்; தொகையாகச் சொன்னால் நூறு கோடிக்கு மேற்பட்டோர். பெண்களுக்கு ஆண்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம். இம்மண்டபத்தில் எழுபது பேர் இருப்பின் அவர்களுட் பத்துப் பேருக்கு யாம் சொல்வது புதுமையாக இராது. அவர்கள் வெளியே சொல்லாதிருப்பதே புதுமை.

இது நாகரிகம் கொண்டுவந்த புதுநோயென்று கருதுவோரும் உளர். அக்கருத்துப் பிழையானது. சுசுருத சங்கிதை இதனைத் தலையின் பாதியைப் பிளக்கும் நோய் என்னும் பொருளில் 'அர்த்தாவபேதகம்' என்றது. கிரேக்க வைத்தியராகிய கேலன் 'அரைத் தலையோடு' எனப் பொருள்படும் சொல்லால் வழங்கினார். ஆங்கிலத்திலுள்ள 'மைக்கிரேன்' என்னும் சொல் அக்கிரேக்கச் சொல்லின் தேய்வு. தமிழர் 'ஒற்றைத் தலையிடி' என்றனர். கடலும் மலையும் இடைநின்ற மூன்று மக்கட் கூட்டத்தார் ஒரே நோயை ஒரே கண்கொண்டு நோக்கி ஒரே வகையிற் பெயரிட்டமை வியப்புக்குரியது. முதலாம் நூற்றாண்டில் உரோமாபுரியில் வாழ்ந்த இஸ்கிரிபோனியஸ் லார்கஸ் என்னும் வைத்தியர், மின்சாரம் பாய்ச்சும் திருக்கை மீனைத் தலையில் வைக்கும்படி எழுதி வைத்தார். பாவம், அக்காலத்து நோயாளர்!

இந்நோய் எங்ஙனம் உண்டாகின்றது? நியூயோர்க்கைச் சேர்ந்த ஹரல்ட் வுல்ப் என்னும் அறிஞர், தலையிலுள்ள இரத்தக் குழாய்கள் விரிவதே காரணமென்றார். அவர் காலத்தில் அக்கொள்கையே ஓங்கி நின்றது. ஆனால் 1941இல் கார்ல் லாஷ்லி என்னும் உளநூலறிஞர் தமக்கு வந்த ஒளிக்கோடுகளைத் தாமே வரைந்து கணக்கிட்டு, மூளையின் மேற்பரப்பில் ஏதோவொன்று நிமிடத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீற்றர் வேகத்தில் ஊர்ந்து செல்லவேண்டும் என்றார். 1944இல் பிரேசில் தேசத்து லியாவோ என்பவர் விலங்குகளின் மூளையில் அவ்வாறே மெல்லப் பரவும் ஓர் அலையைக் கண்டு வெளியிட்டார். இரண்டும் ஒன்றென்பது பின்னர்த் தெளிவாயிற்று. மூளையுறையிலுள்ள நரம்பு முனைகள் 'சீ.ஜீ.ஆர்.பீ.' எனச் சுருக்கி வழங்கும் ஒரு பொருளைச் சுரந்து வலியை மூட்டுகின்றன என்பது 1980களிலும் 1990களிலும் நிலைநாட்டப்பட்டது. இவ்வாராய்ச்சிக்காக மொஸ்கோவிற்ஸ், எட்வின்சன், கோட்ஸ்பி, ஒலேசன் என்னும் நால்வர்க்கும் 2021ஆம் ஆண்டு டென்மார்க்கில் மூளை ஆராய்ச்சிக்குரிய பெரும்பரிசு வழங்கப்பட்டது. ஆகவே இது மனப் பிரமையன்று. பிறப்போடு ஒட்டி வரும் நரம்பு மண்டல நோய். பெற்றோர்க்கிருப்பின் பிள்ளைகளுக்கு வரும் வாய்ப்பு அதிகம். இவ்வசனத்தை நினைவில் வைத்திருங்கள். பின்னர் இதனிடம் மீள்வோம்.

இனி வைத்தியனைக் குறித்துச் சில சொல்வோம். எமக்கு முதலில் நோய் வந்தபொழுது யாம் மிஷன் பாடசாலையொன்றில் ஆறாம் வகுப்பிற் பயின்றோம். காலைப் பிரார்த்தனையில் இசைக்கருவி முழங்க முழங்க எமது இடப்பக்கத் தலை தெறித்தது. வகுப்பாசிரியரிடம் சென்று சொன்னோம். "கணிதப் பாடம் முடிந்ததும் சுகமாகிவிடும்" என்றார். வகுப்புச் சிரித்தது. அன்றிலிருந்து யாம் சொல்வதை நிறுத்திவிட்டோம். பின்பு கண்ணிற் கோளாறென்று கண்ணாடி வாங்கினோம். இரு முறை மாற்றினோம். பீனிசமென்று மூக்கிற்கு மருந்திட்டோம். நாவூறென்று பாட்டியார் மிளகாய் சுற்றி எரித்தார். அந்தப் புகையினால் தலையிடி இருமடங்காயிற்று. கண்ணையும் பீனிசத்தையும் காரணமாகக் கருதி ஆண்டுக்கணக்காக அலைவது இந்நோயாளர் பலர்க்கும் நேர்வதே.

பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டில் இருந்தபொழுது, நண்பனொருவன் எம்மை வலிந்து நரம்பியல் வைத்தியரிடம் அழைத்துச் சென்றான். அவர் எம்மைச் சோதித்த பின் விலையுயர்ந்த கருவி எதனையும் நாடவில்லை. ஓர் அப்பியாசக் கொப்பி வாங்கும்படி சொன்னார். "எந்த நாள் வலித்தது, எவ்வளவு நேரம் நின்றது, எந்தக் குளிசையை எத்தனை எடுத்தீர், முதல் நாள் எவ்வளவு நித்திரை கொண்டீர், எந்த வேளைச் சாப்பாட்டைத் தவறவிட்டீர் என்று ஒரு மாதம் எழுதி வாரும்" என்றார். நண்பர்களே, இந்த ஒரு கொப்பி எமக்கு அதுவரை கிடைத்த மருந்துகள் அனைத்தினும் மேலான மருந்தாயிற்று. ஏனெனிற் பின்னர்ச் சொல்வோம்.

அதற்கு முன் ஓர் எச்சரிக்கை. பின்வரும் தலையிடிகளுக்குக் கொப்பி எழுதிக் கொண்டிருத்தலாகாது. உடனே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். இடிவிழுந்தாற்போல ஒரு நிமிடத்துக்குள் உச்சத்தை எட்டும் தலையிடி. காய்ச்சலோடும் கழுத்து விறைப்போடும் வருவது. கை கால் சோர்தல், பேச்சுக் குழறல், மயக்கம், வலிப்பு என்பவற்றோடு வருவது. தலையில் அடிபட்ட பின் வருவது. ஐம்பது வயதிற்குப் பின் புதிதாகத் தோன்றுவதையும், பழகிய வலி தன் இயல்பு மாறி நாளுக்கு நாள் கூடுவதையும் தாமதியாது வைத்தியருக்குக் காட்டவேண்டும்.

மூன்றாவதாக மருந்து. ஒற்றைத் தலையிடிக்கு மருந்து இருவகை. வந்த வலியைத் தணிப்பது ஒன்று. வராமற் காப்பது மற்றொன்று. தணிக்கும் மருந்தை வலி மெலிதாக இருக்கும்போதே, உரிய அளவில் எடுக்கவேண்டும். "பொறுத்துப் பார்ப்போம்" என்று மூன்று மணித்தியாலம் பொறுத்தபின் எடுத்தாற் பயன் குறையும். நோய் ஏறுங்கால் இரைப்பையின் இயக்கம் மந்தமாகிவிடுகின்றது. குளிசை இரத்தத்திற் கலப்பதற்குத் தாமதமாகும். அதனாலேயே சத்தியை நிறுத்தும் மருந்தையும் வைத்தியர் உடன் கொடுப்பர். பரசிற்றமோல், அஸ்பிரின், இபுபுரோபன் என்னும் எளிய மருந்துகளே பலர்க்குப் போதும். போதாதவர்க்கு 1991ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த சுமாத்திரிப்தானும் அதன் இனத்தனவும் உண்டு. இருதய நோயாளர்க்கு அவை ஆகா. காய்ச்சலோடு கூடிய தலையிடிக்கு அஸ்பிரினையோ இபுபுரோபனையோ தாமாக எடுத்தலாகாது. நம் நாட்டில் அது டெங்குவாக இருக்கலாம். அம்மருந்துகள் இரத்தப் பெருக்குக்கு இடஞ் செய்யும். சிறுவர்க்கு அஸ்பிரின் கொடுத்தலும் ஆகாது.

இப்பொழுது அந்தக் கொப்பிக்கு வருவோம். உயர்தரப் பரீட்சை எழுதிய ஆண்டில் தலையிடி வந்துவிடுமோ என்ற பயத்தினால் யாம் காலையில் இரண்டு குளிசை விழுங்கிவிட்டே புத்தகத்தைத் திறப்போம். பரீட்சை முடிந்தது, பழக்கம் முடியவில்லை. ஒரு மாதக் கணக்கை வைத்தியர் கூட்டிப் பார்த்தார். 22 நாள் தலையிடி. 20 நாள் குளிசை. அவர் கொப்பியை எம்பக்கம் திருப்பி வைத்து, "தலையிடிக்குக் குளிசை எடுக்கிறீரா, குளிசையால் தலையிடி எடுக்கிறீரா?" என்று வினவினார். யாம் விடையின்றி இருந்தோம்.

தோழர்களே, இதனை ஊன்றிக் கேளுங்கள். ஒற்றைத் தலையிடியுள்ளவர், சாதாரண வலிநீக்கிகளை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, திரிப்தான் இனத்தையும் கலவைக் குளிசைகளையும் 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதங்களுக்கு அதிகமாக எடுத்துவரின், அம்மருந்தே தலையிடியை வளர்க்கும். வேலிக்கு இட்ட முள் காலிற் தைத்த கதை இதுவே. வைத்தியர் அப்பழக்கத்தை நிறுத்தச் சொன்னார். நிறுத்திய முதற் பத்து நாட்களை யாம் மறக்கமாட்டோம். வலி முன்னையினும் கூடிற்று, சத்தி வந்தது, நித்திரை போயிற்று. இரண்டாம் வாரத்தில் ஒரு நாள் விடியற்காலையில் கண் விழித்தபொழுது தலையில் ஏதோ குறைவதுபோலிருந்தது. சிறிது நேரஞ் சென்றே குறைந்தது வலி என்று விளங்கிற்று. விடுதிக்கு வெளியே காகங்கள் கரைந்தன; அச்சத்தம் காதுக்கு இனிமையாயிருந்தது. (ஒன்று சொல்லவேண்டும்: எவரும் தாமாக மருந்தை நிறுத்தலாகாது. சில மருந்துகளைப் படிப்படியாகவே குறைக்கவேண்டும். வைத்தியரின் கண்காணிப்பு இன்றியமையாதது.)

வராமற் காக்கும் மருந்துகளுட் பழையனவும் மலிவானவையும் சில உள. மன அழுத்தத்திற்கென ஆக்கப்பட்ட அமிற்றிப்டிலினை மிகச் சிறிய அளவில் இரவிற் கொடுப்பர். இருதய நோய்க்கென ஜேம்ஸ் பிளாக் என்னும் அறிஞர் கண்ட புரொப்பிரனலோல் தலையிடியையும் குறைப்பது 1966இல் தற்செயலாகத் தெரியவந்தது. அதனை ஈளை நோயாளர்க்குக் கொடார். வல்புரோவேற்று போன்ற சில மருந்துகள் கருவிலுள்ள குழந்தைக்குக் கேடு செய்யுமாதலாற் பெண்கள் வைத்தியரிடம் தெளிவாகக் கேட்டறியவேண்டும். இவை பயன் தர ஆறு வாரம், எட்டு வாரம் செல்லும். இரண்டு வாரத்தில் "சரிவரவில்லை" என்று கைவிடுவோர் அநேகர். நாட்பட்ட நோய்க்கு பொற்றுலினம் என்னும் மருந்தை ஊசியால் ஏற்றும் முறை 2010இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. சீ.ஜீ.ஆர்.பீ.யைத் தடுக்கும் ஊசிமருந்துகள் 2018 முதல் அங்கு வழக்கிலுள்ளன. அவற்றின் விலை மிக அதிகம். இவற்றுள் எதுவும் நோயை வேரோடு பிடுங்காது. தலையிடி நாட்கள் பாதியாகக் குறைந்தாலே மருத்துவர் அதனை வெற்றியெனக் கொள்வர். எமக்கு ஆறு மாதத்தில் 22 நாள் 5 நாளாயிற்று. மீண்ட நாட்களை எண்ணிப் பாருங்கள். அவையெல்லாம் எமக்குத் திரும்பக் கிடைத்த ஆயுள்.

மருந்தோடு ஒழுங்கும் வேண்டும். ஒற்றைத் தலையிடியுள்ள மூளை மாற்றத்தை விரும்பாது. நித்திரை குறைந்தாலும் கோபிக்கும். ஞாயிற்றுக்கிழமை நெடுநேரம் நித்திரை கொண்டாலும் கோபிக்கும். ஆகவே ஒரே நேரத்தில் உறங்கி ஒரே நேரத்தில் எழுதல் நன்று. காலைச் சாப்பாட்டைத் தவறவிடலாகாது. தண்ணீர் குடிக்கவேண்டும். கோப்பியும் தேநீரும் அளவோடு, நாள்தோறும் ஒரே அளவாக இருக்கட்டும். நாளுக்கு ஆறு கோப்பை குடித்தவர் திடீரென நிறுத்தினாலும் தலை இடிக்கும். 2011இல் சுவீடனில் வெளியான ஓர் ஆய்வில், வாரத்துக்கு மூன்று முறை 40 நிமிடம் தேகாப்பியாசஞ் செய்தவர்கள், தடுப்பு மருந்தொன்றை எடுத்தவர்களுக்கு ஏறக்குறைய நிகரான பயன் பெற்றனர். நமது சங்கத்துக் கரப்பந்தாட்ட மைதானம் மாலையில் வெறிச்சோடிக் கிடப்பதை இவ்விடத்தில் நினைவூட்டுகின்றோம்.

விரதத்தைக் குறித்தும் ஒரு வார்த்தை சொல்லாது விடின் குறையாகும். பட்டினி இந்நோயைத் தூண்டும் காரணங்களுள் முக்கியமானது. கந்தசஷ்டி ஆறு நாளும் உபவாசமிருந்து, ஐந்தாம் நாள் சத்தியெடுத்துச் சுருண்டு கிடந்ததைப் பக்தியின் சோதனையென்று யாம் எண்ணியதுண்டு. நோயாளர்க்கும் முதியோர்க்கும் விரதத்திற் தளர்வு உண்டென்பதைப் பெரியோர் அறிவர். பாலும் பழமும் உண்டு நோற்பவனை "ஆற்றாதவன்" என்று இகழாதிருக்கும்படி வாலிபர்களை வேண்டுகின்றோம்.

ஈற்றில் நான்காவது கூறு, அருகிருந்து துணை செய்பவன். பெற்றோர்க்கிருப்பின் பிள்ளைகளுக்கு வரும் என்ற வசனத்தை நினைவில் வைக்கச் சொன்னோம் அல்லவா? எமது வீட்டில் அம்மா மாதத்தில் மூன்று நான்கு முறை நெற்றியை ஒரு பழைய சேலைத் துண்டால் இறுகக் கட்டிக்கொண்டு, இருட்டறையில் யன்னலைச் சாத்திவிட்டுப் படுப்பார். பக்கத்தில் ஓடிக்கொலோன் போத்தல் இருக்கும். அன்றும் விறகடுப்புப் புகையில் நின்று சோறாக்கி வைத்துவிட்டே படுப்பார். சுற்றத்தாருட் சிலர் அதனை "வேலைக் கள்ளம்" என்றனர். யாம் அவ்வாறு சொல்லவில்லை. ஆயினும் அதற்குக் குறைந்த பாவஞ் செய்தோம் என்று சொல்லுந் துணிவும் இல்லை. கிரிக்கெற் ஆட்டம் நடக்கும் நாளில் "சத்தத்தைக் கொஞ்சம் குறை, தம்பி" என்று அவ்வறையினின்று குரல் வரும். யாம் குறைப்போம், ஐந்து நிமிடத்திற் கூட்டிவிடுவோம். பின்பு எமக்கே அந்நோய் வந்தது. வந்த பின்பும், எமது நோய் வேறு, அம்மாவின் நோய் வேறு என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தோம்.

கொப்பியோடு வைத்தியரிடம் சென்ற நாளில் அவர், "வீட்டில் வேறு யாருக்கேனும் உண்டா?" என்று கேட்டார். அக்கேள்விக்கு விடை சொல்லும்பொழுதுதான் அவ்விருட்டறையின் கதவு எமக்குத் திறந்தது. விடுமுறைக்கு வீடு சென்றதும், அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னோம். அவர் அரிசி கிளைந்தபடியே கேட்டுக்கொண்டிருந்து, "இதுக்கும் மருந்து இருக்கோ, தம்பி?" என்றார். முப்பது ஆண்டு வலியைச் சுமந்தவர் கேட்ட முதற் கேள்வி அது. அவ்வளவு காலமும் அவரை எவரும் வைத்தியரிடம் அழைத்துச் செல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. இன்று அம்மாவிடமும் ஓர் அப்பியாசக் கொப்பி உண்டு. அதிற் கோடிட்ட நாட்கள் குறைந்து வருகின்றன.

துணை செய்வதென்றாற் பெரிய தியாகம் எதுவும் வேண்டியதில்லை. வெளிச்சத்தை அணைத்தல், வானொலியைக் குறைத்தல், சாம்பிராணியைச் சற்று விலக்கி வைத்தல், ஒரு வேளைச் சமையலைத் தாம் ஏற்றல், "எப்படி இருக்கிறது?" என்று பத்துத் தரம் கேளாதிருத்தல். எல்லாவற்றிலும் முதன்மையானது நம்புதல். காயத்தைக் கண்டால் நம்புகின்றோம். காய்ச்சலைத் தொட்டறிந்து நம்புகின்றோம். தலையிடிக்கு நோயாளியின் சொல்லையன்றி வேறு சாட்சியில்லை. அச்சொல்லை நம்பாத வீட்டில் நோயாளி மௌனியாகின்றான். மௌனியானவன் வைத்தியரை நாடான். நாடாதவன் மருந்துக்கடைக் குளிசையைத் தானே வாங்கி விழுங்குகின்றான். எமது பதினோராம் வயதில் வகுப்புச் சிரித்த சிரிப்பிற்கும் எமது கொப்பியிலிருந்த 20 நாட் குளிசைக்கும் உள்ள தொடர்பு இதுவே.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மானிப்பாயிலிருந்து பணிபுரிந்த டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மேனாட்டு மருத்துவ நூல்களைத் தமிழிலே ஆக்குவித்தார். மருத்துவ அறிவு மக்கள் மொழியில் மக்களைச் சேரவேண்டும் என்பது அவர் கொள்கை. அவ்வழியைப் பின்பற்றி நமது சங்கமும் ஒரு சிறு பணி செய்யலாம். தலையிடிக் கணக்கெழுதும் முறையையும், உடனே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டிய அறிகுறிகளையும் ஒரே தாளில் தமிழில் அச்சிட்டு, வாலிபர்கள் வீடுவீடாகக் கொடுக்கலாம். எழுதிக் கொடுக்க யாம் ஆயத்தம். பிழை திருத்தச் சபையிலுள்ள வைத்தியர்கள் முன்வரவேண்டும்.

பெரியோர்களே, இன்றிரவு வீடு திரும்பியதும் இருட்டறையில் யாரேனும் படுத்திருக்கக் கண்டால், விளக்கைப் போடுமுன் ஒரு கணம் தாமதியுங்கள். வாலிப நண்பர்களே, நீங்களே அவ்வறையிற் படுத்திருப்பவராயின், வெளியே வந்து சொல்லுங்கள். இதற்கும் மருந்து இருக்கின்றது.

இவ்வளவு நேரமும் பொறுமையோடு செவிசாய்த்த உங்கள் எவர்க்கும் எமது பேச்சினால் தலையிடி வாராதிருப்பதாக!